சிங்கன் கண்ணி வைத்த முற்றம்

குறவஞ்சி என்பது, வீதி உலா வரும் தலைவனைக் கண்டு காதல் கொண்ட தலைவி ஒருத்திக்கு, மலையிலிருந்து இறங்கி வந்த குறத்தி கைபார்த்துக் குறி சொல்வதையும், அந்தக் குறத்தியைத் தேடி அவள் கணவன் சிங்கன் ஊரெல்லாம் அலைவதையும் கதையாகக் கொண்ட இசை நாடகம் ஆகும். குறக்குலத்து வஞ்சி, அதாவது குறப்பெண் என்பதே அச்சொல்லின் பொருள். பாடநூல்களில் இடம்பெறுவது பெரும்பாலும் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியாகவே இருப்பதால், குறவஞ்சி என்றதும் அருவியும் குரங்கும் மலைச்சாரலும் தமிழ் மாணவர்களின் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை ஒரு குன்றுகூட இல்லாத காவிரிச் சமவெளியில், தஞ்சைப் பெரிய கோயிலின் திறந்த முற்றத்தில், ஆண்டுதோறும் சித்திரைத் திருவிழாவில் ஒரு குறவஞ்சி ஆடப்பட்டு வந்தது. அதன் நாயகன் தெய்வம் அல்லன், ஓர் அரசன். இரவெல்லாம் கண்விழித்து அதைக் கண்டு, வயிறு வலிக்கச் சிரித்தவர்கள் அறுவடை முடித்துக் கையில் ஓய்வோடு வந்த குடியானவர்கள். இவற்றை நேரில் கண்டு சொல்லக்கூடியவர்களின் தலைமுறை முடிந்துவிட்டது. அவர்களிடம் கேட்டவர்களின் தலைமுறையும் இன்று முதுமை அடைந்துவிட்டது.

தஞ்சையில் ஆடப்பட்டதன் பெயர் சரபேந்திர பூபாலக் குறவஞ்சி. சரபேந்திரன் என்பது 1798 முதல் 1832 வரை அரியணையில் இருந்த மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோசியைக் குறிக்கும். பூபாலன் என்றால் நிலத்தைக் காப்பவன், அரசன். இயற்றியவர் கும்பகோணத்தை ஒட்டிய கொட்டையூரைச் சேர்ந்தவரும் அரண்மனைப் புலவராக விளங்கியவருமான சிவக்கொழுந்து தேசிகர். தஞ்சைப் பெருவுடையார் உலா, கோடீச்சரக் கோவை ஆகியவையும் அவர் பாடியவையே. அவருடைய பிரபந்தங்களை உ.வே. சாமிநாதையர் 1932இல் பதிப்பித்ததனால்தான் நூல் இன்று நம் கைக்குக் கிடைக்கிறது.

கதை எளிது. அரசர் பவனி வருகிறார் என்று கட்டியங்காரன் அறிவிக்கிறான். கட்டியங்காரன் என்பவன் அரசனுக்கு முன்னே கோலேந்தி வந்து அவனது பெருமையை முழங்கும் ஏவலன், நாடகத்தில் ஒவ்வொரு பாத்திரத்தின் வருகையையும் சொல்லி வைப்பவனும் அவனே. பவனி கண்ட மதனவல்லி காதலுற்று, நிலவையும் தென்றலையும் மன்மதனையும் பழித்துப் பாடி, தோழியைத் தூதனுப்ப எண்ணி உருகிக் கொண்டிருக்கும்போது, கையில் மாத்திரைக்கோலும் இடுப்பில் கூடையுமாகக் குறத்தி வருகிறாள். மாத்திரைக்கோல் என்பது குறி சொல்பவர் கையில் வைத்திருக்கும் சிறு கோல். குறத்தி தன் மலையின் வளத்தையும் தான் குறி சொன்ன நாடுகளின் பெருமையையும் பாடி, மதனவல்லியின் கையைப் பற்றி, அவளுடைய எண்ணத்தில் இருப்பவன் இன்னான் என்று சொல்லி, அவன் வந்து சேர்வான் என்று உறுதி கூறி, பொன்னும் மணியும் பரிசாகப் பெறுகிறாள். இதுவரை நாடகத்தின் முற்பாதி. பிற்பாதி முழுவதும் சிங்கனுக்கும் சிங்கிக்கும் உரியது. சிங்கி என்பது குறி சொல்லிப் பரிசு பெற்ற அந்தக் குறத்தியின் பெயரே. முற்பாதி அரசனுக்காகப் பாடப்பட்டது, பிற்பாதி முற்றத்து மணலில் உட்கார்ந்திருந்தவர்களுக்காகப் பாடப்பட்டது என்று கொள்வது பிழையாகாது.

அப்படிக் கொள்வதற்கு ஆதாரம் ஏட்டில் இல்லை, ஒரு மூதாட்டியின் நினைவில் இருந்தது. வெண்ணாற்றின் வடகரையில் ஒரு சிற்றூரில் பிறந்து, பதினான்கு வயதில் தஞ்சை மேலவீதிக்கு மணமகளாக வந்த அவர், பிறந்த வீட்டிலிருந்தபோது இரண்டு முறையும் மணமான பின் மூன்று முறையும் பெரிய கோயிலில் குறவஞ்சி பார்த்தவர். பேரப்பிள்ளைகள் அவரை, தந்தையின் தாயை அழைக்கும் தஞ்சை வழக்கப்படி, அப்பாயி என்றே அழைத்தனர். அப்பாயிக்கு மதனவல்லியின் பெயர் ஒருபோதும் நினைவில் நின்றதில்லை. "அந்த ராசாவைப் பார்த்து மயங்குன பொண்ணு" என்பதோடு அவளை முடித்துவிடுவார். சிங்கனைப் பற்றிப் பேசத் தொடங்கினால் மட்டும் குரல் மாறிவிடும், கையிலிருந்த வேலை நின்றுவிடும்.

அறுபதுகளில், தை மாதத்தில் புதுநெல் வீட்டுக்கு வந்த நாட்களில், முற்றத்தில் நெல்லைக் குவித்து வைத்துக்கொண்டு அவர் முறத்தில் புடைக்கும்போது, சிங்கனை ஆடிக் காட்டும்படி பிள்ளைகள் நச்சரிப்பது வழக்கமாக இருந்தது. சற்று நேரம் மறுத்துவிட்டுப் பின் இணங்குவதும் வழக்கமே. முறத்தைக் கீழே வைத்து, விளக்குமாற்றிலிருந்து இரண்டு ஈர்க்குகளை உருவி, நெற்குவியலின் ஓரத்தில் ஒரு சாண் இடைவெளியில் நட்டு, புடவைத் தலைப்பிலிருந்து இழுத்த நூலைச் சுருக்காக்கி அவற்றின் இடையே தொங்கவிடுவார். இதுதான் கண்ணி. உண்மையான பறவைக்கண்ணி குதிரைவால் மயிரைத் திரித்துச் செய்யப்படுவது. இழை மெலிதாக இருப்பதால் பறவையின் கண்ணுக்குப் புலப்படாமல், கால் பட்டதும் இறுகிவிடும். சுருக்குக்குக் கீழே நாலைந்து நெல்மணிகளைத் தூவிவிட்டு, இடக்கையின் சுட்டுவிரலையும் நடுவிரலையும் கால்களாக்கி, மடையான் நடப்பதுபோல ஓரடி வைத்து நின்று, தலைசாய்த்துப் பார்த்து, மீண்டும் ஓரடி வைத்து அந்த விரல்கள் வரும். வலக்கை சிங்கன். அது முறத்துக்குப் பின்னே பதுங்கியிருக்கும்.

பறவை சுருக்குக்கு அருகில் வந்ததும், சிங்கனின் துணையாள் இருமுவான். குற்றாலக் குறவஞ்சியில் நூவன் என்று பெயர் பெறும் இத்துணையாள், எங்கே பேசக்கூடாதோ அங்கே பேசுவதற்கென்றே படைக்கப்பட்டவன். சிங்கன் அவனை வாயைப் பொத்தச் சொல்லி, மறுபடி கண்ணியைச் சரிசெய்து, மறுபடி பதுங்கி, பறவை மறுபடி வந்து, இம்முறை துணையாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருக்க, சரியாகக் கால் வைக்கும் கணத்தில் சிங்கனுக்குச் சிங்கியின் நடை நினைவுக்கு வந்துவிடும். அந்தப் பறவையின் நடை அவள் நடையைப் போலவே இருப்பதாகத் தோன்றி, தன்னை மறந்து அவள் பெயரைச் சொல்லிக் கூவிவிடுவான். அப்பாயியின் இடக்கை சட்டென்று தோளுக்கு மேலே பறந்துபோகும். பிள்ளைகள் எத்தனை முறை பார்த்திருந்தாலும் அந்தக் கை பறக்கும்போது சிரிப்பை அடக்க முடிந்ததில்லை. கோயில் முற்றத்திலும் அந்த இடத்தில்தான் சிரிப்பு எழுந்து, திருச்சுற்று மாளிகை முழுவதும் எதிரொலித்து அடங்க நெடுநேரம் ஆகுமாம். அந்தச் சிரிப்புக்காகவே கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வந்தவர்கள் இருந்தார்கள் என்பது அவர் வாக்கு.

பிறகு சிங்கன் தன் சிங்கியைக் கண்டுபிடிக்கிறான். கண்டவுடன் மகிழ்ச்சி வராமல் ஐயம் வருகிறது. கூடையோடு போனவள் கால்முதல் தலைவரை பொன்பூட்டித் திரும்பியிருக்கிறாள். மலையில் வளர்ந்த அவனுக்கு அந்த நகைகளின் பெயர்கூடத் தெரியாது. காலில் பாம்பு சுற்றிக் கிடக்கிறதே, விரலில் ஏதோ பூச்சி கடித்து வீங்கியிருக்கிறதே என்று ஒவ்வொன்றாக அவன் கேட்க, அது சிலம்பு, இது மோதிரம், குறி சொன்னதற்கு இன்ன ஊரில் கொடுத்தார்கள் என்று அவள் ஒவ்வொன்றாக விடை சொல்கிறாள். பாதி கேள்விக்குள் அவனுடைய ஐயம் தீர்ந்துவிடும், ஆனாலும் கேள்வியை நிறுத்தமாட்டான். அவள் விடை சொல்லும் குரலைக் கேட்டுக்கொண்டிருப்பதே அவனுக்குப் போதும். இந்த உரையாடலைக் கணவன் மனைவி பிணக்கு என்று எளிதாகச் சொல்லிக் கடப்பவர்கள் உண்டு. அப்பாயி அப்படிப் பார்க்கவில்லை. "ராசா வந்தாரா வரலியான்னு கடைசிவரைக்கும் தெரியாது. சிங்கன் வந்தான். அதான் கலியாணம்" என்பது அவருடைய விளக்கம். குறவஞ்சி இலக்கணத்தில் தலைவனும் தலைவியும் கூடுவது மேடையில் காட்டப்படுவதில்லை என்பதையும், பிரிந்தவர் கூடும் காட்சி சிங்கனுக்கும் சிங்கிக்கும் மட்டுமே வாய்த்திருக்கிறது என்பதையும் ஆராய்ச்சியாளர்கள் பல பக்கங்களில் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் எழுதியதற்கும் அப்பாயி சொன்னதற்கும் பொருளில் வேறுபாடு இல்லை.

சித்திரை மாதம் இந்நாடகத்துக்கு அமைந்ததும் தற்செயல் அன்று. ஆடியில் ஆற்றில் புதுப்புனல் வந்து, நாற்று விட்டு, நட்டு, களையெடுத்து, தையில் சம்பா அறுவடை முடிந்து, பங்குனிக்குள் உளுந்தும் பயறும் எடுத்துவிட்டால், சித்திரையில் டெல்டாவின் வயல்கள் வெறும் தாளோடு வெடித்துக் கிடக்கும். மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிக்கப்பட்டு ஆற்று நீருக்கு ஒரு கால ஒழுங்கு வந்த பின்னும், சித்திரை வறண்ட மாதமாகவே நீடித்தது. பத்தாயத்தில் நெல் இருக்கும், செய்வதற்கு வயலில் வேலை இருக்காது. வெண்ணாறு மணலாகக் கிடப்பதால், மாட்டுவண்டி பாலத்தைத் தேடிப் போகாமல் ஆற்றின் குறுக்கே இறங்கி ஏறிக் கரந்தை வழியாகத் தஞ்சைக்குள் நுழைந்துவிடும். அப்பாயி சிறுமியாக இருந்தபோது அவ்வாறு ஆற்றைக் கடந்தவர். மணலில் சக்கரம் புதைந்த இடத்தில் பெண்கள் இறங்கி நடக்க, பின்னிரவில் திரும்பும்போது அதே மணல் குளிர்ந்து கிடந்ததை அவருடைய பாதங்கள் எண்பது வயதிலும் மறக்கவில்லை. வயலில் கொக்கும் நாரையும் உள்ளானும் இறங்குவதை நாளெல்லாம் பார்த்துப் பழகியவர்களே சிங்கனின் பார்வையாளர்கள். எந்தப் பறவை எப்படி நடக்கும், எப்போது எழும்பும் என்பது அவர்களுக்குத் தெரியும் என்பதால், மேடையில் நடித்தவர் அதில் பிழை செய்ய முடியாது.

அந்த முற்றத்தில் ஆடப்பட்ட நாடகம் இது ஒன்றே அன்று. ஏறத்தாழ எழுநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே அங்கு ஒரு நாடகம் நடந்ததற்குக் கல்வெட்டுச் சான்று உண்டு. முதலாம் இராசராசன் 1010இல் கோயிலை எடுத்து முடித்து, சோழநாட்டுத் தளிகளிலிருந்து நானூறு ஆடல் மகளிரை அழைத்து வந்து, கோயிலைச் சுற்றிய தெருக்களில் வீடு கொடுத்து, ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு நூறு கலம் நெல் பங்காக ஏற்படுத்தினான். கல்வெட்டு அவர்களைத் தளிச்சேரிப் பெண்டுகள் என்று குறிக்கிறது, தளி என்றால் கோயில். அவனுடைய பேரன் இரண்டாம் இராசேந்திரனின் ஆறாம் ஆட்சியாண்டில், அதாவது 1057ஐ ஒட்டி, வைகாசிப் பெருவிழாவில் இராசராசேசுவர நாடகம் ஆடுவதற்காக, சாந்திக்கூத்தன் திருவாலன் திருமுதுகுன்றன் ஆன விசயராசேந்திர ஆச்சாரியன் என்பவனுக்கு ஆண்டுக்கு நூற்றிருபது கலம் நெல் வழங்க ஆணை பிறந்தது. நாள் ஒன்றுக்கு ஒரு தூணி என்பது அதன் கணக்கு. மூன்று தூணி சேர்ந்தால் ஒரு கலம் ஆதலால், முந்நூற்றறுபது நாளுக்கு நூற்றிருபது கலம் சரியாக வருகிறது. ஆடவல்லான் என்று இறைவனின் பெயரையே சூடிய மரக்காலால் அந்த நெல் அளக்கப்பட்டது.

அந்த நாடகத்தின் ஏடு கிடைக்கவில்லை. அது இராசராசனின் வாழ்வைச் சொல்லியதா, கோயில் எழுந்த கதையைச் சொல்லியதா, இறைவனின் திருவிளையாடலைச் சொல்லியதா என்று அறிஞர்கள் இன்றுவரை வாதிடுகின்றனர். வாதம் எப்படி முடிந்தாலும், ஒரு கூத்தனின் பெயரும் அவனுடைய நெல்லளவும் கல்லில் நிற்கின்றன என்பது சிறிய செய்தி அன்று. மரக்காலும் கலமும் அப்பாயியின் வீட்டுப் பத்தாயத்தருகே அறுபதுகளிலும் புழங்கிய அளவைகள். கோயிலின் வெளிச்சுவரில் கல்வெட்டுகளை ஒருவர் படித்துக் காட்டியபோது அவர் கேட்ட ஒரே கேள்வி, நூற்றிருபது கலம் என்றால் அந்தக் கூத்தன் எத்தனை பேருக்குச் சோறு போட்டிருப்பான் என்பதுதான்.

இடைப்பட்ட நூற்றாண்டுகளில் அரசர்களே நாடகம் எழுதத் தொடங்கினர். நாயக்கர் அவையில் தெலுங்கு யட்சகானம், அதாவது பாட்டும் ஆட்டமும் வசனமும் கலந்த மேடை நாடகம், செல்வாக்குப் பெற்றது. 1634 முதல் 1673 வரை ஆண்ட விசயராகவ நாயக்கர், தம் தந்தை இரகுநாதரின் பவனியைக் கண்டு காதல் கொண்ட சித்திரரேகையின் கதையை இரகுநாதாப்யுதயம் என்ற பெயரில் எழுதினார். தந்தையின் காதலை மகன் மேடைக்கு எழுதிய விந்தை தஞ்சைக்கே உரியது. பின்வந்த மராட்டியருள் சாகசி (1684–1712) இன்னும் துணிந்து, மன்னார்குடித் திருவிழாவுக்கு வந்த ஓர் அந்தணர் அங்கே தாழ்த்தப்பட்ட குலத்துப் பெண் ஒருத்தியைக் கண்டு மயங்கி, சீடன் எத்தனை அறிவுரை சொன்னாலும் கேட்க மறுக்கும் கதையைச் சதிதானசூரமு என்னும் தெலுங்கு நகைச்சுவை நாடகமாக்கினார். குரு சீடனுக்குச் சொல்ல வேண்டியதைச் சீடன் குருவுக்குச் சொல்லும் அந்தத் தலைகீழ் அமைப்பே அதன் சிரிப்புக்கு மூலம். பவனி, திருவிழா, காதல், சிரிப்பு ஆகிய நான்கும் சரபோசி காலத்துக் குறவஞ்சிக்கு வரும் முன்னரே தஞ்சை மேடையில் நன்கு பண்பட்டிருந்தன.

சரபோசியின் நிலை வேறு. 1799 அக்டோபரில் கும்பினியாரோடு செய்த உடன்படிக்கையால் நாட்டின் ஆட்சி முழுவதும் அவர் கையைவிட்டுப் போய், தஞ்சைக் கோட்டையும் அதைச் சூழ்ந்த சிறு பகுதியும், ஆண்டுக்கு ஒரு லட்சம் நட்சத்திரப் பகோடாவும், நாட்டின் நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் மட்டுமே எஞ்சின. ஆட்சியை இழந்த அவர் தம் காலத்தையும் பொருளையும் கலைக்கும் கல்விக்கும் கொடுத்தார். சரசுவதி மகால் நூலகத்தை வளர்த்தார், தன்வந்திரி மகாலில் மருத்துவ ஆய்வு நடத்தினார், தம் முன்னோரின் வரலாற்றை 1803இல் பெரிய கோயிலின் சுவரில் மராத்தியில் வெட்டுவித்தார். குறத்தி ஒருத்தி இந்திராணிக்கு உலகத்தின் கண்டங்களையும் நாடுகளையும் பாட்டாகச் சொல்வதாக அமைந்த தேவேந்திரக் குறவஞ்சி என்னும் மராத்தி நூலும் அவர் பெயரால் வழங்குகிறது. குறத்தி பல ஊர் சுற்றியவள், எனவே நாட்டுவளம் பாடுவாள் என்ற பழைய மரபைப் பற்றிக்கொண்டு, அவள் வாயாலேயே புவியியல் பாடம் நடத்திய அறிவு வியக்கத்தக்கது. சுவார்ட்சு பாதிரியாரிடம் சரபோசியோடு ஒன்றாகப் பயின்ற வேதநாயக சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சி பாடியதும் இதே தஞ்சையில்தான். ஒரே ஊரில், ஒரே தலைமுறையில், குறத்தி அரசனுக்கும் ஏசுபிரானுக்கும் பூகோளத்துக்கும் குறி சொல்லியிருக்கிறாள்.

அந்தப் புகழ் மேடைக் குறத்திக்குக் கிடைத்தது. வீதியில் நடந்த குறத்திக்குக் கிடைக்கவில்லை. குற்றப் பரம்பரைச் சட்டம் 1911 முதல் சென்னை மாகாணத்திலும் செயல்பட்டபோது, குறவர் பிரிவினர் பலர் காவல்நிலையப் பதிவேட்டில் ஏற்றப்பட்டு, ஊர்விட்டு ஊர் போவதற்கே அனுமதி பெற வேண்டியவராயினர். ஊர் சுற்றுவதையே பெருமையாகப் பாடிய சிங்கியின் குலத்தார்க்கு ஊர் சுற்றுவது குற்றமாக்கப்பட்டது. பெரிய கோயில் முற்றத்தில் சிங்கனுக்காகச் சிரித்த அதே ஆண்டுகளில் இது நடந்தது என்பதைக் குறவஞ்சியைப் பற்றி எழுதும் எவரும் சொல்லாமல் விடலாகாது. அச்சட்டம் நாடு முழுவதும் நீக்கப்பட்டது 1952இல்தான்.

கோயிலில் குறவஞ்சி ஆடியவர்கள் சின்னமேளத்தைச் சேர்ந்த மகளிர். நாகசுரமும் தவிலும் பெரியமேளம் என்றும், நட்டுவனாரின் தாளத்தோடும் மிருதங்கத்தோடும் நடக்கும் சதிராட்டம் சின்னமேளம் என்றும் தஞ்சை வட்டாரத்தில் வழங்கும். இம்மகளிரைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடைசெய்த சென்னை மாகாணச் சட்டம் 1947இல் நிறைவேறியது. அது வரவேண்டிய சட்டமே. பெண்களை அடிமைப்படுத்திய ஒரு வழக்கத்தை அது அறுத்தது. ஆயினும் அவர்கள் நெஞ்சில் சுமந்திருந்த பாட்டையும் அடவையும் நகைச்சுவையையும் வேறு எவ்வாறு காப்பது என்று அன்று சிந்தித்தவர் மிகச் சிலர். நாற்பதுகளோடு பெரிய கோயிலில் குறவஞ்சி நின்றது. சென்னையில் ருக்மிணி தேவி, பழைய மரபறிந்த காரைக்கால் சாரதாம்பாளின் துணையோடு 1944இல் குற்றாலக் குறவஞ்சியைக் கலாசேத்திர மேடையில் ஏற்றியதால், அந்த வகை நாடகம் அடியோடு மறையாமல் தப்பியது. அதில் சிங்கனுக்கு அவனுக்குரிய இடமும் தரப்பட்டது.

பின்னாளில் எல்லா மேடைகளும் அந்த இடத்தைத் தரவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில், அப்பாயி சென்னைக்கு வந்திருந்த ஒரு மார்கழியில், பேரன் அவரை ஓர் அரங்கில் நடந்த குறவஞ்சிக்கு அழைத்துச் சென்றான். நாற்பது ஆண்டுகளுக்குப் பின் குறவஞ்சி பார்க்கப் போகிறோம் என்று அன்று மாலை நான்கு மணிக்கே புடவை மாற்றிக்கொண்டு அவர் திண்ணையில் காத்திருந்தார். பவனியும் பந்தாட்டமும் நிலவுப் பழிப்பும் மிக அழகாக நடந்தன. குறத்தியாக ஆடிய இளம்பெண்ணின் கண்ணும் காலும் யாரும் குறை சொல்ல முடியாதபடி இருந்தன. குறி சொல்லி முடிந்து, பரிசு பெற்று, எல்லோரும் வரிசையாக வந்து நிற்க மங்களம் பாடப்பட்டது. மக்கள் எழுந்தனர். அப்பாயி எழவில்லை.

"ஏம்ப்பா, சிங்கன் இன்னும் வரலியே?"

"முடிஞ்சு போச்சு அப்பாயி. நேரமில்லைன்னு அதைச் சுருக்கிட்டாங்க."

"சிங்கனைச் சுருக்கிட்டா அப்புறம் எதுக்குக் குறவஞ்சி?"

பேருந்தில் வீடு திரும்பும்வரை அவர் வேறு எதுவும் பேசவில்லை. அந்தக் கேள்விக்கு அன்று விடை சொல்ல முடியாத பேரன், இத்தனை ஆண்டுகள் படித்தும் கேட்டும் பார்த்த பின், அது கேள்வி அன்று, தீர்ப்பு என்றே இப்போது கருதுகிறான். ஒன்றரை மணி நேர அரங்குக்குள் அடக்குவதற்காக நீக்கப்படும் பகுதி எப்போதும் சிரிப்பாகவே இருக்கிறது. காதல் உயர்ந்தது, நகைச்சுவை இடைச்செருகல் என்ற எண்ணமே அதற்குக் காரணம். சிவக்கொழுந்து தேசிகர் அப்படி எண்ணவில்லை. எண்ணியிருந்தால் அரசனின் பெயரைத் தலைப்பில் வைத்துவிட்டு, நாடகத்தின் முடிவை வேட்டைக்காரனிடம் ஒப்படைத்திருக்கமாட்டார்.

சிரிப்பைக் காப்பாற்றிய ஊர் ஒன்று தஞ்சைக்கு அருகிலேயே இருக்கிறது. அச்சுதப்ப நாயக்கர் ஐந்நூற்றுப் பத்துக் குடும்பங்களுக்கு நிலமும் வீடும் கொடுத்துக் குடியேற்றியதாகச் சொல்லப்படும் மெலட்டூரில், நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி நடைபெறும் பாகவத மேளா நாடகங்களில், முதலில் மேடைக்கு வருபவன் கூம்புக் குல்லாய் அணிந்த கோணங்கிதான். அவன் ஆடிக் குதித்துக் கூட்டத்தைச் சிரிக்க வைத்து அமைதிப்படுத்திய பின்னரே, விநாயகர் வேடம் பூண்ட சிறுவன் வந்து ஆட, பிரகலாதனும் இரணியனும் வருவார்கள். மெலட்டூர் வெங்கடராம சாஸ்திரியார் எழுதிய நாடகங்கள் தெலுங்கில் உள்ளவை, பக்திச் சுவை மிக்கவை. எனினும் கோணங்கியை விட்டுவிட்டுத் தொடங்கலாம் என்று அவ்வூரார் எண்ணியதில்லை. அங்கு ஒரு வைகாசி இரவில், கோணங்கியின் குல்லாய் ஒரு பக்கம் சாய்ந்தபோது முன்வரிசைப் பிள்ளைகள் எழுப்பிய ஓசையைக் கேட்ட எவருக்கும், மேலவீதி வீட்டு முற்றத்தில் அப்பாயியின் இடக்கை பறந்துபோன கணம் நினைவுக்கு வந்திருக்கும்.

பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டு விழாவில், 2010 செப்டம்பரில், ஆயிரம் நடனக் கலைஞர்கள் ஒரே நேரத்தில் அந்த முற்றத்தில் ஆடினார்கள். ஏறத்தாழ நூறாண்டுகளாக ஓடாமல் நின்றிருந்த சித்திரைத் தேர், புதிதாகச் செய்யப்பட்டு 2015 ஏப்ரலில் நான்கு வீதிகளிலும் ஓடியது; மேலவீதியில் அன்று வடம் பிடித்தவர்களுள், அப்பாயி வாழ்ந்த வீட்டைச் சேர்ந்தவர்களும் இருந்தனர். அதே சித்திரைத் திருவிழாவுக்கு உரிய குறவஞ்சி மட்டும் ஆண்டு நியதியாக இன்னும் திரும்பவில்லை. நூல் அச்சில் இருக்கிறது. ஆடத் தெரிந்தவர்கள் தஞ்சையிலேயே இருக்கிறார்கள். பல்கலைக்கழகமும் பண்பாட்டு மையமும் நூலகமும் ஒரே ஊரில் இருக்கின்றன. அதனை மீண்டும் அந்த முற்றத்தில் ஏற்ற முன்வருவோர் ஓர் இரவை முழுதாக ஒதுக்க வேண்டும், சிங்கனின் பகுதியில் ஒரு வரியையும் குறைக்கலாகாது. தஞ்சை வீதிகளிலும் வெண்ணாற்றங்கரை ஊர்களிலும், தம் வீட்டு முதியோர் சிங்கனைப் போல நடந்து காட்டியதை நினைவில் வைத்திருப்போர், அந்த நடையையும் கண்ணி வைக்கும் கையசைவையும் எழுதியோ படம் பிடித்தோ வைத்துவிடுங்கள். அவை நூலில் இல்லை.